கையைத் தூக்கினேன், அவர் நிறுத்தவில்லை

வாசகர் கேள்விக்கு மனநல மருத்துவரின் பதில்

கடிதம் எழுதியவர் திருத்துறைப்பூண்டி வட்டத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த 44 வயது விவசாயி. பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எட்டுப் பக்கக் கடிதத்தின் சாரம் இது.

கடந்த வைகாசியில், வலது கீழ்த்தாடையில் எலும்புக்குள் சாய்ந்து புதைந்திருந்த ஞானப்பல்லை அறுவை சிகிச்சை செய்து எடுத்திருக்கிறார்கள். அப்போது கன்னம் வீங்கியிருந்தது. ஊசி போட்டும் முழுதாக மரத்துப்போகவில்லை. கருவி ஓடிக்கொண்டிருந்தபோது வலி தாங்காமல் இரண்டு முறை கையைத் தூக்கினார். "இதோ முடிந்துவிட்டது, கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்லி மருத்துவர் தொடர்ந்தார். மூன்றாம் முறை தூக்கிய கையை உதவியாளர் பிடித்து நாற்காலியோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். நெஞ்சு படபடவென்று அடித்தது. செத்துவிடுவோம் என்றே நினைத்திருக்கிறார்.

காயம் ஆறி ஐந்து மாதமாகிறது. ஆனால் அந்த நாற்காலியும் முகத்துக்கு நேரே எரிந்த விளக்கும் கனவில் வருகின்றன. வரப்பில் புல் வெட்டும் இயந்திரம் ஓடினால் உடம்பெல்லாம் வியர்க்கிறது. உறவினர் திருமணப் பந்தியில் பிரிஞ்சியிலிருந்து கிராம்பு வாசனை வந்ததும் இலையைக்கூட மூடாமல் எழுந்து வெளியே போய்விட்டார். வலப்பக்கம் மெல்லுவதில்லை, அந்தப் பக்கம் பிரஷ்ஷும் படுவதில்லை. கீழுதட்டோரம் எறும்பு ஊர்வது போல இருக்கிறது. இதற்கிடையில் இடது மேல்தாடையில் ஒரு கடைவாய்ப்பல் சொத்தையாகிச் சீழ் கோத்திருக்கிறது. வேர் சிகிச்சை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் எடுக்க வேண்டும் என்று மன்னார்குடியில் ஒரு பல் மருத்துவர் சொல்லியிருக்கிறார். இரண்டு முறை நாள் குறித்துவிட்டுப் போகவில்லை. மூன்றாம் முறை தைரியத்துக்காகக் குடித்துவிட்டுப் போனார்; திருப்பி அனுப்பிவிட்டார்கள். நண்பர் ஒருவர் மருந்துக்கடையில் வாங்கித் தந்த, பதற்றத்தைத் தணித்துத் தூங்கவைக்கும் அல்பிரசோலம் மாத்திரையை இரண்டு மாதமாக இரவில் போடுகிறார். சர்க்கரை நோய்க்கும் மாத்திரை சாப்பிடுகிறார்.

"கஜா புயலில் ஒரே இரவில் எண்பது தென்னை சாய்ந்தன. விடிந்ததும் அரிவாளோடு நின்றவன் நான். ஒரு பல்லுக்குப் போய் இப்படி ஆகிவிட்டேனே" என்கிறார். அவர் கேட்பவை: நரம்பு அடிபட்டு மூளை பாதித்துவிட்டதா? மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்று அம்மா சொல்வது உண்மையா? முழு மயக்கம் கொடுத்துச் செய்துகொள்ளலாமா? மச்சான் போலீசில் புகார் கொடுக்கச் சொல்கிறார், கொடுக்கலாமா? மனநல மருத்துவரிடம் போனால் ஊருக்குத் தெரிந்து மகளின் திருமணத்துக்குத் தடையாகுமோ?

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இரண்டாம் முறை படிக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். "வலி" என்ற சொல் எட்டுப் பக்கத்தில் நான்கு இடங்களில்தான் வருகிறது. "கை" என்ற சொல் பதினொரு இடங்களில் வருகிறது. கையைத் தூக்கினேன், கையைப் பிடித்தார்கள், கை நடுங்கியது, இன்றும் தூங்கும்போது கையை இறுக்கி மூடிக்கொள்கிறேன் என்று மனைவி சொல்கிறாள். உங்களை இத்தனை மாதமாக வாட்டுவது வலியின் நினைவு மட்டும் இல்லை. நிறுத்தச் சொன்னீர்கள், யாரும் நிறுத்தவில்லை. உங்கள் மனம் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

கஜாவோடு ஒப்பிட்டு உங்களை நீங்களே கோழை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒப்பீட்டையே கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே அந்தப் புயல் கரை கடந்தபோது உங்கள் இழப்பு பெரியது. ஆனால் விடிந்ததும் உங்கள் கையில் அரிவாள் இருந்தது. பாதையை அடைத்துக் கிடந்த மரத்தை வெட்ட முடிந்தது, மாட்டை அவிழ்த்துவிட முடிந்தது, பக்கத்து வீட்டுக் கூரையைத் தூக்கி நிறுத்த முடிந்தது. பல் மருத்துவரின் நாற்காலியில் வாய் திறந்திருந்தது, பேச முடியவில்லை. மல்லாந்து கிடந்தீர்கள், எழ முடியவில்லை. மிச்சமிருந்தது கை ஒன்றுதான், அதையும் பிடித்துக்கொண்டார்கள். மனத்தில் காயம் ஏற்படுவது நடந்ததன் அளவைப் பொறுத்து மட்டுமல்ல. அந்த நேரத்தில் நம்மால் ஏதாவது செய்ய முடிந்ததா என்பதையும் பொறுத்தது. ஆயிரம் தென்னையைப் பறிகொடுத்து நின்றவர்கூட ஒரு நாற்காலியில் உடைந்து போகலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பல் சிகிச்சை மீதான பயம் அவ்வளவு பழையது, அவ்வளவு பொதுவானது. அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்தை உலகம் பெற்றதில் பல் மருத்துவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1844-இல் ஹொரேஸ் வெல்ஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை உள்ளிழுத்துவிட்டுத் தன் பல்லையே பிடுங்கச் சொல்லிச் சோதித்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து ஈதரைப் பொதுமக்கள் முன்னிலையில் பயன்படுத்திக் காட்டிய வில்லியம் மார்டனும் பல் மருத்துவர்தான்.

அன்று உங்கள் உடம்பில் நடந்தது

ஊசி ஏன் வேலை செய்யவில்லை என்பதைத் தெரிந்துகொண்டால் உங்கள் பயத்தின் ஒரு பகுதி அவிழும் என்று நம்புகிறேன். "என் உடம்பில் மரப்பு ஊசி ஏறாது" என்று நீங்களே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறீர்கள். அது சரியல்ல. சீழ்பிடித்து வீங்கிய இடத்தில் தசை அமிலத்தன்மை அடைந்திருக்கும். அந்த அமிலத்தில் மரப்பு மருந்து நரம்பின் உறைக்குள் நுழைவது குறைந்துவிடும். அதோடு கீழ்த்தாடையின் பின்பகுதி எலும்பு தடித்தது. பல்லுக்குப் பக்கத்தில் போடும் ஊசி அங்கே ஊடுருவாது என்பதால், நரம்பு தாடைக்குள் நுழையும் இடத்துக்கருகே ஆழமாகப் போடுவார்கள். அது ஒரே முறையில் சரியாக அமையாமல் போவது எந்தப் பல் மருத்துவரும் அறிந்த ஒன்று. மறுபடியும் ஊசி போட்டிருக்கலாம், காத்திருந்திருக்கலாம், வீக்கம் வடிய மருந்து கொடுத்து இன்னொரு நாள் வைத்திருக்கலாம்.

மேல்தாடை வேறு மாதிரி. அங்கே எலும்பு மெல்லியது, நுண்துளைகள் கொண்டது. ஈறோரத்தில் போடும் ஊசி எளிதில் இறங்கும். இப்போது உங்களுக்குச் சிகிச்சை தேவைப்படுவது மேல்பல்லுக்கு. சீழை முதலில் கட்டுப்படுத்திவிட்டுச் செய்தால் அன்று பட்ட பாடு இந்த முறையும் படவேண்டியிருக்கும் என்று நினைக்கக் காரணமில்லை.

நெஞ்சு படபடத்ததற்கும் காரணம் உண்டு. மரப்பு நீடிக்கவும் ரத்தக்கசிவு குறையவும் லிக்னோகைன் என்ற மரப்பு மருந்தோடு சிறிதளவு அட்ரினலின் கலந்திருப்பார்கள். அது சற்று வேகமாக ரத்தத்தில் கலந்தால் இதயம் சில நிமிடங்களுக்குத் துள்ளும். பயத்தில் உடம்பே சுரக்கும் அட்ரினலினும் அதனோடு சேர்ந்துகொள்ளும். மாரடைப்பு என்று நினைத்தீர்கள். பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும். ஆனாலும் அடுத்த மருத்துவரிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள். உங்களுக்குச் சர்க்கரையும் இருப்பதால் ரத்த அழுத்தத்தையும் ஒரு இசிஜியையும் பார்த்துக்கொள்வது நல்லது.

உதட்டோரம் எறும்பு ஊர்வது பற்றி. கீழ் ஞானப்பல்லின் வேருக்கு அருகே ஒரு நரம்பு ஓடுகிறது. அறுவையில் அது அழுந்தினால் உதட்டிலும் தாடையிலும் மரப்போ ஊறலோ ஏற்படும். பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் தொடங்கிச் சில மாதங்களுக்குள் அது தேறிவிடும். முன்பு முழு மரப்பாக இருந்தது இப்போது ஊறலாக மாறியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது பல நேரங்களில் நரம்பு தேறிவருவதன் அடையாளம். ஆனால் ஐந்து மாதமாகிவிட்டதால் முகத்தாடை அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவர் நேரில் பார்த்துச் சோதித்துச் சொல்ல வேண்டும். அந்த நரம்பு உணர்ச்சியைக் கொண்டுபோகும் கம்பி மட்டுமே. அது அடிபட்டால் மூளை கெடாது, மனம் கெடாது. கெட்ட கனவுக்கும் உதட்டு ஊறலுக்கும் தொடக்கம் ஒரே நாள், அவ்வளவுதான். காரணம் வேறு வேறு.

அம்மா சொல்வது நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு சொல்லப்படுவது. மேல்பல்லுக்கு உணர்ச்சி தருவது மூளையிலிருந்து வரும் ஐந்தாவது நரம்பின் கிளை. பார்வைக்கு இரண்டாவது நரம்பு. இரண்டும் தனித்தனிப் பாதைகள். பல்லை எடுப்பதால் பார்வை போவதில்லை. சீழ் கோத்த மேல்பல்லை அப்படியே விட்டால்தான் நோய் கன்ன எலும்புக்குள் இருக்கும் காற்றறைக்கும் (சைனஸ்), அரிதாகக் கண்ணைச் சுற்றியுள்ள தசைக்கும் பரவ வாய்ப்பிருக்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். அம்மாவின் கவலை உங்கள் கண்ணைப் பற்றியது என்றால், அந்தக் கண்ணுக்காகவே பல்லைக் கவனிக்க வேண்டும் என்று அவரிடம் சொல்லுங்கள்.

கிராம்பும் புல் வெட்டும் இயந்திரமும்

பந்தியிலிருந்து எழுந்து ஓடியதை எழுதும்போது மட்டும் உங்கள் கையெழுத்து சிறுத்துவிட்டது. அவ்வளவு கூச்சம். ஆனால் அதற்கு மிக எளிய விளக்கம் இருக்கிறது. பல் மருத்துவமனைகளில் தற்காலிகமாக அடைக்கவும், பல் எடுத்த குழியில் வலியைத் தணிக்கவும் பயன்படுத்தும் மருந்துகளில் யூஜினால் இருக்கிறது. கிராம்புத் தைலத்தின் முக்கியப் பொருளே அதுதான். அந்த மருத்துவமனையின் வாசனையும் பந்தியில் வந்த பிரிஞ்சியின் வாசனையும் ஒன்று. மூக்கு அறிவுக்குச் சொல்வதற்கு முன்பே உடம்புக்குச் சொல்லிவிடுகிறது. புல் வெட்டும் இயந்திரமும் அப்படித்தான். தாடை எலும்பு வழியாக மண்டைக்குள்ளேயே கேட்ட அந்தச் சத்தத்தை உடம்பு மறக்கவில்லை.

நேரில் பார்க்காமல் நோயின் பெயர் சொல்ல மாட்டேன். ஆனால் கெட்ட கனவு, நினைவூட்டும் பொருளைக் கண்டால் உடம்பு பதறுவது, விலகி விலகிப் போவது ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால், அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநெருக்கடி இருக்கிறதா என்று நாங்கள் பார்ப்போம். போரிலிருந்து திரும்பியவர்களுக்கும் விபத்தில் பிழைத்தவர்களுக்கும் வருவது அது. பல் சிகிச்சையாலும் வரலாம். குணப்படுத்தக்கூடியது.

பயத்தை அளக்க ஐந்து கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் இருக்கிறது. தமிழிலும் அதைச் சரிபார்த்திருக்கிறார்கள். நாளைக்குப் பல் மருத்துவரிடம் போக வேண்டும் என்றால் எப்படி இருக்கும், காத்திருக்கும் அறையில் எப்படி இருக்கும், துளையிடும்போது, பல்லைச் சுத்தம் செய்யும்போது, ஊசி போடும்போது எப்படி இருக்கும் என்பவை அந்தக் கேள்விகள். பதற்றமே இல்லை என்றால் 1, தாங்க முடியாத பதற்றம் என்றால் 5. கூட்டுத்தொகை 19 அல்லது அதற்கு மேல் வந்தால் கடுமையான பயம் என்று கொள்வார்கள். இன்றிரவு ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். அந்தத் தாளை மருத்துவரிடம் நீட்டினாலே போதும். வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படும் விஷயத்தை அந்த எண் சொல்லிவிடும்.

இதற்கான சிகிச்சையின் அடிப்படை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். முறை வந்ததும் மடையை ஒரேயடியாகத் திறந்தால் வரப்பு உடைந்து பயிர் மூழ்கும். திறக்கவே இல்லை என்றால் காயும். அளவாகத் திறந்து, மண் குடித்ததும் இன்னும் கொஞ்சம் திறப்பீர்கள். பயத்தையும் அப்படித்தான் உள்ளே விட வேண்டும். கிராம்பிலிருந்து தொடங்குங்கள். மூடிய டப்பாவை எதிரே வைத்துக்கொண்டு உட்காருங்கள். பதற்றம் ஏறும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் தானாக இறங்கத் தொடங்கும். இறங்கும் வரை எழுந்திருக்காமல் இருப்பதுதான் இதில் முக்கியமான வேலை. பாதியில் எழுந்து போனால் "ஓடியதால் தப்பித்தேன்" என்று உடம்பு தவறான பாடம் படித்துவிடும். அது பழகியதும் டப்பாவைத் திறந்து வையுங்கள். பிறகு ஒரு கிராம்பைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அது போட்ட சோறு. ஒவ்வொரு படிக்கும் இரண்டு மூன்று நாள் ஆகட்டும். எந்தப் படிக்கு எப்போது ஏறுவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள், வேறு யாரும் தள்ள வேண்டாம். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கினால் படபடப்பு குறையும்: நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள்.

இயந்திரச் சத்தத்துக்கும் இதே வழிதான்: தொலைவில் தொடங்கி நெருங்கி வருவது. ஆனால் கனவுக்கும், நாற்காலி நினைவுக்கும் பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது. கனவு வந்து எழுந்த இரவுகளில் தனியாக இதை முயலாதீர்கள்.

மாத்திரையும் மதுவும்

இங்கே கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. மனநல மருத்துவரிடம் போனால் மாத்திரைக்கு அடிமையாக்கிவிடுவார்கள் என்று பயப்படுகிறீர்கள். ஆனால் இரண்டு மாதமாக நீங்கள் போட்டுவருவதுதான் பழக்கமாகிப் பிடித்துக்கொள்ளக்கூடிய மாத்திரை. அல்பிரசோலம், கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய மருந்துகளின் சட்டப் பட்டியலான அட்டவணை எச்1-இல் உள்ள மருந்து. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. சீட்டோடு விற்றாலும் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு ஆகியவற்றைக் கடைக்காரர் தனிப்பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பயம் சார்ந்த மனநெருக்கடிக்கு நாங்கள் வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகள் வேறு. அவை மெதுவாக வேலை செய்பவை, அந்த வகையில் பிடித்துக்கொள்ளாதவை. சிலருக்கு மருந்தே தேவைப்படாது.

அதற்காக இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள். இரண்டு மாதம் தொடர்ந்து போட்டதைச் சட்டென்று விட்டால் தூக்கம் முற்றிலும் கெடும், நடுக்கம் வரும், சிலருக்கு வலிப்புகூட வரும். படிப்படியாகக் குறைக்க வேண்டும். எவ்வளவு குறைப்பது என்று மருத்துவர் சொல்லட்டும்.

மதுவோடு சேர்த்து மட்டும் ஒருபோதும் போடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு அடங்கிவிடலாம். குடித்துவிட்டு வந்த உங்களை மன்னார்குடி மருத்துவர் திருப்பி அனுப்பியதை அவமானமாக எழுதியிருக்கிறீர்கள். அவர் செய்தது சரி. போதையில் கொடுக்கும் சம்மதம் சம்மதமாகாது. மரப்பு மருந்து, ரத்தக்கசிவு, சர்க்கரை எதையும் அந்த நிலையில் கணிக்க முடியாது. உங்கள் உயிரில் அக்கறை உள்ளவர் என்று நான் அவரைப் பற்றி முடிவு செய்துவிட்டேன். அவரிடமே போகச் சொல்வேன்.

கடிதத்தின் ஏழாம் பக்கத்தில் ஓரத்தில் ஒரு வரி: "சில நாள் விடிவதே எதற்கு என்று இருக்கிறது." நீங்கள் போகிற போக்கில் எழுதியதாக இருக்கலாம். நான் அப்படிக் கடந்து போக மாட்டேன். தூக்கமின்மை, குடி, வலி மூன்றும் சேர்ந்த மனிதருக்கு இந்த எண்ணம் எந்த இரவிலும் கனத்துவிடலாம். இன்றைக்கே இதை மனைவியிடம் சொல்லுங்கள். வீட்டிலிருக்கும் பூச்சிமருந்து டப்பாக்களை மச்சான் வீட்டுக்கு மாற்றுங்கள். தெளிக்கும் நாளில் அவரே கொண்டுவரட்டும். 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம். அரசின் டெலி மானஸ் மனநல உதவிச் சேவை அது, கட்டணமில்லை, தமிழில் பேசுவார்கள்.

அடுத்த முறை நாற்காலியில்

முழு மயக்கம் கேட்கிறீர்கள். கேட்பதில் தவறில்லை. ஆனால் ஒரு மேல்பல்லுக்கு அது பெரும்பாலும் தேவையற்றது. மயக்க மருத்துவர் இருக்கும் மருத்துவமனை வேண்டும், பட்டினி கிடக்க வேண்டும், சர்க்கரை மாத்திரையை மாற்றியமைக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, மயங்கிக் கிடந்து வெளியே வந்தால் பல் போகும், பயம் இருந்த இடத்திலேயே இருக்கும். அடுத்த பல்லுக்கு மறுபடியும் முழு மயக்கம் கேட்பீர்கள். இடைப்பட்ட வழிகள் இருக்கின்றன. நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை மூக்கு வழியாக இழுத்தால் விழித்திருப்பீர்கள், பேச முடியும், பதற்றம் மட்டும் தளரும். நிறுத்திய சில நிமிடங்களில் தெளிந்துவிடும். மிடசோலம் போன்ற மருந்தில் அரைத்தூக்கமாக இருப்பீர்கள், நடந்தது பெரிதாக நினைவில் தங்காது. ஆனால் துணைக்கு ஆள் வேண்டும், மறுநாள் வரை டிராக்டரையோ பைக்கையோ தொடக்கூடாது. அல்பிரசோலம் போடுவதையும் குடிப்பதையும் மறைத்துவிட்டு இதை எடுத்துக்கொள்வது ஆபத்து. இந்த வசதிகள் எல்லாப் பல் மருத்துவமனையிலும் இருக்காது. சிதம்பரத்தில் உள்ள அரசுப் பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் கேட்டுப் பார்க்கலாம்.

என் தேர்வு வேறு. முதல் நாள் சிகிச்சை எதுவும் வேண்டாம். நாற்காலியில்கூட உட்கார வேண்டாம். மருத்துவரின் மேசை எதிரே உட்கார்ந்து, சென்ற முறை நடந்ததைச் சொல்லுங்கள். பிறகு இந்த நான்கையும் கேளுங்கள்:

1. நான் இடது கையைத் தூக்கினால் உடனே கருவி நிற்க வேண்டும். வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும். தொடங்குமுன் ஒருமுறை ஒத்திகை பார்க்க வேண்டும்: கருவியை வெளியே ஓடவிட்டு, நான் கை தூக்கி, அவர் நிறுத்திக் காட்ட வேண்டும்.

2. மரத்துவிட்டதா என்று சோதித்து, நான் சரி என்ற பிறகே தொடங்க வேண்டும். அழுத்தமும் அதிர்வும் மரத்த பிறகும் தெரியும், கூர்மையான வலி தெரியக்கூடாது என்ற வித்தியாசத்தை முன்பே விளக்க வேண்டும்.

3. பத்து எண்ணும் வரை வேலை, பிறகு ஒரு இடைவெளி.

4. மனைவி பக்கத்தில் இருக்கட்டும். முடிந்தவரை கிராம்பு வாசனை இல்லாத மருந்து.

முதல் கோரிக்கைதான் உயிர்நாடி. ஒத்திகை என்பது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். தூக்கிய கைக்கு ஒரு கருவி நிற்பதை உங்கள் உடம்பு ஒருமுறை பார்த்தாக வேண்டும். வைகாசியிலிருந்து அது காத்திருப்பது அதற்குத்தான். இப்படி ஒத்திகை பார்த்தவர்களில் பலர் சிகிச்சையின்போது கையைத் தூக்கவே இல்லை என்று பின்னால் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். தூக்கினால் நிற்கும் என்று தெரிந்ததே அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

காலையில் முதல் ஆளாக நேரம் வாங்குங்கள். காத்திருக்கக் காத்திருக்கப் பயம் வளரும். மரப்பு ஊசி மட்டும் என்றால் வழக்கம்போல் சாப்பிட்டு, சர்க்கரை மாத்திரையும் போட்டுக்கொண்டு போவதே பொதுவான முறை. வெறும் வயிற்றில் போனால் சர்க்கரை இறங்கி, அந்த மயக்கத்தைப் பயம் என்று நினைத்துவிடுவீர்கள். காதில் பாட்டுக் கேட்கும் கருவி வைத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். தவிலோடு சேர்ந்த நாதஸ்வரம் எந்தக் கருவிச் சத்தத்தையும் அமுக்கிவிடும்.

புகார் கொடுப்பது பற்றி

நான் வழக்கறிஞர் அல்ல. தெரிந்த அளவில் சொல்கிறேன். மருந்து சரியாக மரக்காமல் போனதோ, நரம்பு அழுந்தியதோ மட்டும் அலட்சியம் ஆகாது. கவனமாகச் செய்தாலும் நேரக்கூடியவை அவை. குற்றவழக்காகக் கொண்டுபோக மிகக் கடுமையான அலட்சியம் இருக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் சொல்லியிருக்கிறது. எனவே மச்சான் சொல்லும் போலீஸ் வழியில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது என்பது என் கருத்து.

ஆனால் உங்கள் குறை நியாயமானது. நோயாளி அறிந்து தரும் சம்மதம் இல்லாமல் சிகிச்சை செய்யக்கூடாது என்பதை 2008-இல் சமீரா கோலி வழக்கில் அதே நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. நரம்பு அழுந்தலாம் என்று உங்களிடம் முன்பே சொல்லப்படவில்லை. கையைப் பிடித்து அழுத்தியதற்கு உங்கள் சம்மதம் இல்லை. முதலில் சிகிச்சைக் குறிப்புகளையும் எக்ஸ்ரேயையும் எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். நடந்ததை ஒரு கடிதமாக அந்த மருத்துவருக்கே எழுதுங்கள். மன்னிப்போ விளக்கமோ வந்தால் அதுவே உங்களுக்குப் போதும் என்று தோன்றலாம். போதவில்லை என்றால் மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலிடம் முறையிடலாம். கட்டணம் செலுத்திப் பெற்ற சிகிச்சை என்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. அதனால் அவசரம் இல்லை. வழக்கு நடத்தினால் அந்த நாற்காலியைப் பற்றி மறுபடி மறுபடி சொல்ல வேண்டியிருக்கும். முதலில் தூக்கம் திரும்பட்டும், பிறகு நிதானமாக முடிவு செய்யுங்கள்.

குடும்பத்துக்கு

குணசீலத்தில் போய் 48 நாள் இருக்கச் சொல்கிறார் அம்மா. எத்தனையோ தலைமுறையாக மனம் கலங்கியவர்களைக் காவிரிக்கரைப் பெருமாள் சன்னதிக்குக் கூட்டிப்போன மண் இது. அம்மாவின் நம்பிக்கையைத் தட்டிப்பேச மாட்டேன். போய்வாருங்கள். ஆனால் பல்லை முடித்துவிட்டுப் போங்கள். சீழுக்கு ஒரு மண்டலம் அதிகம். காய்ச்சலோடு வீக்கம் கண்ணை நோக்கி ஏறினால், வாய் திறக்க முடியாமல் போனால், எச்சில் விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால், அதே நாளில் திருவாரூர் அல்லது தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். இரவானாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

இந்த இரண்டு இடங்களிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, செலவில்லை. ஊருக்குத் தெரியுமோ என்ற கவலைக்கு: உங்கள் மனநலச் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருப்பது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்களுக்குக் கொடுத்த உரிமை. வெளிநோயாளியாக வரிசையில் நிற்பவர் எந்தப் பிரிவுக்கு வந்தார் என்று மகளின் சம்பந்தி வீட்டார் விசாரித்துக்கொண்டிருக்கப் போவதில்லை. பந்தியிலிருந்து எழுந்து ஓடுவதையும், பகலில் குடித்துவிட்டுத் திரும்புவதையும்தான் ஊர் பார்க்கும்.

உங்கள் மனைவி இதைப் படித்தால் அவருக்கு ஒன்று. "ஒரு பல்லுக்கு இவ்வளவா" என்று நீங்கள் ஒருமுறை கேட்டதை உங்கள் கணவர் எழுதியிருக்கிறார். கேட்டதற்காக நீங்கள் அழுததையும் எழுதியிருக்கிறார். அவர் கனவில் கையை இறுக்கும்போது அந்தக் கையைப் பிடிக்காதீர்கள். பிடித்தால் உடம்பு அதை உதவியாளரின் கையாக எடுத்துக்கொள்ளும். பெயர் சொல்லிக் கூப்பிட்டு விளக்கைப் போடுங்கள், போதும். விழித்த பிறகு உங்கள் உள்ளங்கையை நீட்டுங்கள். பற்றிக்கொள்வதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்யட்டும்.

சம்பா அறுவடை முடிந்து தையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். இப்போது ஐப்பசி. உங்கள் சர்க்கரைக்கும் அந்தச் சீழுக்கும் மூன்று மாதம் கொடுக்க எனக்கு மனமில்லை. இந்த வாரமே மழை விட்ட ஒரு காலையில் இருவருமாக மன்னார்குடிக்கு பஸ் ஏறுங்கள். அன்றைக்குப் பேச்சு மட்டும்தான். நான்கு கோரிக்கைகளையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். நா எழாவிட்டால் தாளை நீட்டுங்கள். அவர் அதைப் படித்துவிட்டு என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.